சந்தியாகோ நடைப்பயணம்: ஞாயிறு கூட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

செப்டம்பர் 10 காலை 6 மணிக்கு, பிரான்ஸ் எல்லையிலிருந்து ஸ்பெயினில் உள்ள கிறிஸ்தவப் புனித நகரமான சந்தியாகோவுக்கு யாத்திரையாக நடக்கத் தொடங்குகிறோம். ஏறக்குறைய 780 கி.மீ. அதுபற்றிப் பேச வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு வீடியோ கூட்டம்.

1. புது ஷூ என்றால் இன்றே போட்டு நடந்து பழகுங்கள். போன முறை இரண்டாம் நாளே என் குதிகால் தோல் உரிந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்டது.
2. பை எடை, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் வேண்டாம்.
3. யாத்திரிகர் அட்டையில் (நாம் யாத்திரிகர் என்பதற்கான சான்று) தங்குமிடந்தோறும் முத்திரை வாங்க வேண்டும்.
4. வீட்டிலிருந்து ஒரு சின்னக் கல். வழியில் மலைமேல் இருக்கும் இரும்புச் சிலுவையடியில் வைப்போம். மனதிலிருந்து எந்தச் சுமையை இறக்கி வைக்கப் போகிறோம் என்று யோசித்து எடுங்கள். எனக்கு இதுதான் முக்கியம்.
5. தினமும் முதல் ஒரு மணி நேரம் மௌனம்.

வருபவர்கள் வெள்ளிக்குள் பதில் போடுங்கள். முழங்கால் வலி இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.