மீனுக்குக் காவல் இருந்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மூணாறு டிரவுட் மீனைப் பற்றியும், அதைப் பிடிக்கவும் காக்கவும் இருக்கிற சங்கத்தைப் பற்றியும் நான்கு பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் அருமை. கட்டுரையாளர் உழைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: இங்கே இருக்கிற தோட்டத்து ஜனங்களுக்கு ஆற்றின் அருமை தெரியாது, சங்கத்தார்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று. அந்த வரியை நீங்களும் படித்துத்தானே அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள்?

நீலகிரியில் 1860களில் மீன் ஆராய்ச்சிக்காரர் பிரான்சிஸ் டே இந்த மீனைக் கொண்டுவரப் பார்த்துத் தோற்றது, பிற்பாடு எச்.சி. வில்சன் ரெயின்போ டிரவுட்டை அவலாஞ்சியில் பொரிக்கவைத்து ஜெயித்தது, மூணாற்றுத் துரைமாருக்கும் அந்த ஆசை வந்தது எல்லாம் பேரோடும் பட்டத்தோடும் கட்டுரையில் இருக்கிறது. கப்பலேறி வந்த மீனுக்கு வம்சாவளி கிடைத்துவிட்டது. போடியிலிருந்து குரங்கணி வழியாகத் தலைச்சுமையோடு ஏறி வந்த தோட்டத்து ஜனங்களுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. அதுவும் மேலே சொன்ன வரி.

என் தாய்மாமா மலைக்கு மேலே இருந்த மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை பார்த்தவர். பனிக்காலத்தில்தான் டிரவுட் சினைக்கு வரும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அவருக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுபோவது என் வேலை. சினை மீனை ஈரத்துணியில் பிடித்துக்கொண்டு, பெருவிரலால் வயிற்றை வால்பக்கமாக நீவுவார். ஆரஞ்சு நிற முட்டைகள் எனாமல் பேசினில் சரசரவென்று விழும். ஆண் மீனின் விந்தை அதன்மேல் பீய்ச்சி, கோழி இறகால் கலக்கிவிடுவார். வெறுங்கையால் கலக்கினால் முட்டை கெட்டுவிடும் என்பார். அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பம். ஓடுகிற தண்ணீரில் தட்டுத்தட்டாக முட்டைகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். அதில் எது வெளுத்தாலும் அது செத்த முட்டை. உடனே பொறுக்காவிட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்தில் இருக்கிறதையும் சேர்த்து அழித்துவிடும். உறைபனிக் காலத்தில் அந்தத் தண்ணீரில் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். குஞ்சு வளர்ந்ததும் கேனில் தண்ணீரோடு தோளில் ஏற்றி, வெயில் ஏறுவதற்குள் ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோய் ஓடையில் விடுவார்கள். நடுவழியில் இறக்கித் தண்ணீரை அலம்பிக் காற்றேற்றாவிட்டால் கேனுக்குள்ளேயே செத்து மிதக்கும். இவ்வளவும் செய்தவர்களுக்குத்தான் ஆற்றின் அருமை தெரியாதாம்.

காவல் இருந்தது மட்டும் யார்? துரைமார் காலத்திலேயே மலையில் வேட்டைக் காவலுக்கு இந்த மலையின் பழங்குடிகளான முதுவர்களைத்தான் வைத்திருந்தார்கள். இரவிகுளத்தில் வரையாடு மிஞ்சியதற்கு அவர்கள் மழையிலும் பனியிலும் நடந்த நடையும் ஒரு காரணம். 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா என்று தேதி போடத் தெரிந்தவருக்கு அவர்கள் எப்படிக் கண்ணில் படாமல் போனார்களோ!

எங்கள் பிள்ளைகள் தூண்டிலோடு ஓடைப் பக்கம் போனாலே அந்தக் காலத்தில் குற்றம். நானும் சேக்காளிகளும் ஒருதடவை கல்லேமுட்டி பிடிக்கப் போனோம். டிரவுட்கூட இல்லை ஐயா, பாறையில் ஒட்டிக்கிடக்கிற விரல் நீள மீன். வாட்சர் பிடித்துவிட்டார். மறுநாள் என் அப்பாவை ஆபீஸ் வாசலில் மத்தியானம் வரைக்கும் நிற்கவைத்தார்கள். அன்றைக்குச் செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பதிவேட்டில், அவருக்குப் பேர் விழவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அதே ஓடையில் விருந்தாளிகள் பிடித்த டிரவுட்டைக் குடல் எடுத்துக் கழுவிக் கொடுத்தது என் பெரியப்பா.

இன்னொன்று. டிரவுட் நம்ம ஊர் மீனே இல்லை. ரெயின்போ டிரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பக்கத்து மீன். நீர்ப்பூச்சியையும் சின்ன மீனையும் தின்று கொழுக்கிறது. உலகத்தில் பெருந்தீங்கு செய்யும் 100 அந்நிய உயிரினங்கள் என்று ஐ.யு.சி.என். என்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் வல்லுநர்கள் வெளியிட்ட பட்டியலில் அதுவும் இருக்கிறது, பிரவுன் டிரவுட்டும் இருக்கிறது. பிடிக்கிறவர்கள் பிடிக்கட்டும், வளர்க்கிறவர்கள் வளர்க்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. நல்ல ருசியான மீன்தான். ஆனால் ஆற்றுப் பாதுகாப்பு என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போடுவதற்கு முன்னால், கல்லேமுட்டிக்கு யார் சங்கம் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

டிரவுட்டுக்குக் குளிர்ந்த, தெளிந்த நீர் வேண்டும் என்கிறது கட்டுரை. வாஸ்தவம். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல்தான். நல்லதண்ணி, குண்டளை, முதிரப்புழா என்று மூன்று ஆறும் கூடுகிற இடத்தில், டிசம்பர் சீசன் முடிந்த கையோடு, உங்கள் கட்டுரையாளர் வந்து கொஞ்ச நேரம் நிற்கட்டும். மூக்கைப் பொத்தாமல் நின்றுவிட்டால் இந்தக் கடிதத்தை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, லாட்ஜுக்காரர்களும் ரிசார்ட்டுக்காரர்களும் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஜனங்கள் துணி துவைத்த சோப்புத் தண்ணீர் என்று எழுதிவிடப் போகிறார்.

எங்களைப் பற்றி நீங்கள் இப்படி எழுதுவது புதிதும் இல்லை. 2015இல் தோட்டத்துப் பெண்கள் 20 சதவீதம் போனஸ் கேட்டு நடுரோட்டில் உட்கார்ந்தபோது, பெம்பிளை ஒருமை என்கிற அவர்களுடைய கூட்டமைப்பை நாடே திரும்பிப் பார்த்தது. நீங்கள் கடைசிப் பக்கத்தில் கால் பத்தி போட்டீர்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடி நிலச்சரிவில் லயங்கள் மண்ணோடு போய் 70 பேரை இழந்தோம். ஆற்றோடு கிலோமீட்டர் கணக்கில் நடந்து உடல்களைத் தேடினார்கள் எங்கள் பையன்கள். அப்போது நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டிப் போட்டீர்கள். விஷயம் மற்ற பாதியில் இருந்தது. இந்தப் பக்கம் கேரளாவில் சாதிச் சான்றிதழுக்குப் போனால் 1950க்கு முன்னால் இங்கே இருந்ததற்குக் காகிதம் கொண்டுவா என்கிறார்கள். அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்கோ நாங்கள் சுற்றுலாப் படத்தில் கொழுந்துப் பையோடு நிற்கிற ஆட்கள். நானா உங்களுக்குச் சொல்லவேண்டும்? எல்லாம் தெரிந்தவர் நீங்கள்.

மறுப்போ வருத்தமோ நான் கேட்கவில்லை. அதெல்லாம் பெரிய மனிதர்களுக்குப் போடுவது. கட்டுரையின் கடைசியில், அனுமதிச் சீட்டு வாங்கினால் யாரும் தூண்டில் போடலாம் என்று இருக்கிறது. எங்கே வாங்குவது, எவ்வளவு கட்டணம், எந்தெந்த மாதம் என்று இல்லை. பேரன் ஆசைப்பட்டானே என்று ஓர் அலுவலகத்தில் போய் விசாரித்தேன். நீங்கள் தங்கியிருக்கிற ரிசார்ட்டில் கேளுங்கள் என்றார்கள். நான் தங்கியிருப்பது என் வீட்டில்.

ஆகவே அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். தமிழில் நாலு வரி போதும். உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டா என்பதையும் கேட்டுப் போடவும். ஏப்ரலில் பள்ளிக்கூடம் லீவு விட்டுவிடும், அதற்குள் வந்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
மூணாறு.

பி.கு.: இடம் போதாமல் இந்தக் கடிதத்தையும் வெட்டுவதானால் நீலகிரிக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். மாமாவைப் பற்றிய பகுதியில் கை வைக்க வேண்டாம்.