ஜோடியைப் பாதியாக வெட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய விளையாட்டுத் துறை அதிகாரிகளுக்கும், வீரர்களுக்குச் சிறப்பு விடுப்பு அளிக்கும் அலுவலகத் தலைவர்களுக்கும்,

வணக்கம். பிரிட்ஜ் என்பது இருவர் இருவராக ஜோடி சேர்ந்து மோதும் சீட்டாட்டம். சாம்பியன்ஷிப்புக்குத் தேர்வான எங்கள் பிரிட்ஜ் ஜோடியில் எனக்கு விடுப்பு கிடைத்துவிட்டது. வேறோர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் கூட்டாளிக்குக் கிடைக்கவில்லை. ‘சீட்டாட்டத்துக்குச் சிறப்பு விடுப்பு பொருந்தாது’ என்ற ஒற்றை வரியோடு அவருடைய கோப்பு திரும்பி வந்துவிட்டது. முறையிடப் போனால், ‘உங்களுக்குத்தான் கிடைத்துவிட்டதே, வேறு யாரையாவது அழைத்துப் போங்களேன்’ என்று அக்கறையோடு யோசனை சொல்கிறார்கள்.

வேறு யாரை? பிரிட்ஜில் கூட்டாளியோடு பேச முடியாது. எத்தனை பிடி எடுப்போம், எது துருப்பு என்று ஆட்டத்துக்கு முன் கேட்கும் ஏலத்துக்கும் மொத்தம் 15 சொற்கள்தான். பெரிய போட்டிகளில் அவற்றையும் வாயால் சொல்வதில்லை, அட்டையாக எடுத்து வைக்கிறோம். மேசைக்குக் குறுக்கே திரை நிற்பதால் கூட்டாளியின் முகம்கூடத் தெரியாது. அவர் ‘ஒரு நோ டிரம்ப்’ (துருப்பு இல்லாத ஆட்டம்) அட்டையை வைத்து, நான் ‘இரண்டு ஹார்ட்டின்’ வைத்தால், என் கையில் ஐந்தோ அதற்கு மேலோ இருப்பது ஹார்ட்டின் அல்ல, ஸ்பேட். இதுவாவது ஊரறிந்த ஏற்பாடு. நான்காவது சுற்றில் எந்த அட்டைக்கு என்ன பொருள், எதிரணி குறுக்கே புகுந்தால் அது எப்படி மாறும் என்பதையெல்லாம் நாங்கள் இருவரும் வருடக்கணக்கில் உட்கார்ந்து, சண்டை போட்டு, அடித்துத் திருத்தி எழுதி வைத்திருக்கிறோம். எவ்வளவு பெரிய கெட்டிக்காரரானாலும் அதை விமானத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து ஆட முடியாது. ஒருவரை நிறுத்தினால் இருவரையும் நிறுத்தியதாகத்தான் ஆகும். ஆகவே ஜோடிக்கென்று ஒரே கடிதம் கொடுங்கள். விடுப்பையும் இருவருக்கும் சேர்த்தே கொடுங்கள்.

அதிர்ஷ்ட ஆட்டம் என்று இன்னும் நினைப்பவர்கள் போட்டிக் கூடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம். ஒரு மேசையில் பங்கிட்ட அதே 52 சீட்டுகள், அதே பங்கீட்டில், மற்ற மேசைகளிலும் ஆடப்படுகின்றன. நல்ல கை வந்ததற்கு யாருக்கும் புள்ளி கிடையாது. அதே கையை வைத்துக்கொண்டு மற்றவர்கள் என்ன செய்தார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கே புள்ளி. 1999-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உலக பிரிட்ஜ் கூட்டமைப்பை அங்கீகரித்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவின் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது சிப்நாத் தே சர்க்காரும் ஆடவர் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்றார்கள். இருவரும் சேர்ந்துதான், அரைத் தங்கம் என்று எதுவும் அங்கே கொடுக்கப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊக்கமருந்துச் சோதனை எங்களுக்கும் உண்டு. தரவரிசையில் உலக முதலிடத்தில் இருந்த கெய்ர் ஹெல்கெமோவே 2018 உலகப் போட்டியில் அந்தச் சோதனையில் சிக்கித் தடை பெற்றார். சிறுநீர்க் குப்பியை நீட்டும்போது நாங்கள் விளையாட்டு வீரர்கள், விடுப்பு கேட்கும்போது மட்டும் சீட்டாடிகள்! எந்த மேசையில் எந்த நேரத்தில் நாங்கள் யார் என்று ஒரு சுற்றறிக்கை விட்டால் எங்களுக்கும் வசதியாக இருக்கும்.

கேட்க வந்தது சுற்றறிக்கை அல்ல. ஜோடியை ஜோடியாகவே நடத்துங்கள் என்பதுதான். பெயர்ப் பட்டியல் இன்னும் இறுதியாகவில்லை. என் கூட்டாளியின் கோப்பைத் தயவுசெய்து மறுபடியும் எடுத்துப் பார்த்து, நான் புறப்படும் தேதியிலேயே அவரும் புறப்பட ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விடுப்பு கிடைத்தும் ஆட முடியாத ஒருவன்