கையெழுத்து தமிழில், படிவம் ஆங்கிலத்தில்

பெங்களூரில் என் அம்மா சிகிச்சை பெறும் மருத்துவமனையின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவினருக்கு,

வணக்கம். வயிற்று உள்ளுறை அழற்சிக்கு, அதாவது வயிற்றின் உட்சவ்வில் வரும் அழற்சிக்கு, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வில் அம்மாவும் ஒருவர். அந்த ஆய்வின் விளக்கத்தைத் தமிழில் கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் பதில் வராததால் இந்த மடல்.

அல்சூரில் எங்கள் வீட்டில் சிறுநீரகம் செயலிழந்த அம்மா, வயிற்றுக்குள் நீர்மம் ஏற்றி வடித்து ரத்தக் கழிவை நீக்கும் வயிற்று டயாலிசிஸை நாள்தோறும் நான்கு முறை செய்துகொள்கிறார். வடிந்த நீர்ப் பையைச் செய்தித்தாள்மேல் வைத்து, எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பார். தமிழ்ச் செய்தித்தாள்தான்; வேறு மொழி படிக்கத் தெரியாது. அன்று காலை எழுத்து தெரியவில்லை. நீர் கலங்குவது அழற்சியின் அறிகுறி; கலங்கிய பையோடு மருத்துவமனைக்கு ஓடிவந்தோம். நான் மருந்து வாங்க வரிசையில் நின்ற நேரத்தில், வலியில் சுருண்டு கிடந்தவரிடம் பதினோரு பக்க ஆங்கிலப் படிவத்தை நீட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தன் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறார். அந்தப் பதினோரு கையெழுத்துகளையும் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது.

நான் ஆராய்ச்சிக்கு எதிரி அல்லேன். ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதி உருவாக்கிய இந்த மருந்து விபத்தில் ரத்தம் இழப்பவர்களைக் காக்கிறது என்பதை, இருபதாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற கிராஷ்-2 ஆய்வு 2010இல் காட்டியது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற நொதியை இந்த மருந்து தடுக்கிறது; அழற்சியைத் தூண்டுவதில் பிளாஸ்மினுக்கும் பங்கு உண்டு. அதன் வேலையைத் தடுத்தால் வயிற்றுக்கு நல்லதா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அழற்சியின்போது வயிற்றுக்குள் படியும் பைப்ரின் என்ற நார்ப் புரதத்தைக் கரைப்பதும் அதே பிளாஸ்மின்தானே? கரையாமல் தங்கினால் குடல் ஒட்டிக்கொள்ளாதா? சிறுநீரில் வெளியேற வேண்டிய மருந்து இது. சிறுநீரகமே செயலிழந்தவருக்கு அளவை எவ்வளவு குறைத்தீர்கள்? உடலில் தேங்கினால் வலிப்பு வரக்கூடும் என்று அம்மாவிடம் யார் சொன்னது, எந்த மொழியில்?

பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்றும், படிக்க இயலாதவருக்குச் சார்பற்ற சாட்சி வேண்டும் என்றும் மருந்து ஆய்வுகளுக்கான இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. உங்களுக்குத் தெரியாததா? பக்கத்துப் படுக்கையில் இருந்த கோலார்ப் பெரியவருக்குக் கன்னடப் படிவம்கூடக் கிடைக்கவில்லை. கட்டண ரசீதுக்குக் கூப்பிட மட்டும் எங்கள் மொழி தெரிந்த ஒருவர் எப்போதும் இருக்கிறார். ஏழைகளின் உடம்பு வேண்டும், அவர்களுடைய சம்மதம் வேண்டாமா?

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. கேட்பது ஒன்றுதான்: ஆய்வு விளக்கத்தைத் தமிழில் தாருங்கள். அம்மாவுக்கு எந்த மருந்து, எவ்வளவு கொடுத்தீர்கள், அது என்ன செய்தது என்பதையும் தமிழிலேயே எழுதித் தாருங்கள். படித்த பிறகு ஆய்வில் தொடர்வதா விலகுவதா என்று அம்மா முடிவு செய்யட்டும். அடுத்த திங்கட்கிழமை பரிசோதனைக்கு வருகிறோம். அன்று அந்தத் தாளை அவர் கையில் கொடுக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்