செயலாளர் ஆண்டறிக்கை: கணக்கை வாசிக்கும் பயிற்சி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான நம் மாலை வகுப்பில் இந்த ஆண்டு கணக்குப் போடுவதைவிடக் கணக்கை வாசிப்பதற்கே அதிக நேரம் தந்தோம். பெருக்கல், வகுத்தல் நன்றாகத் தெரிந்த பையன்களும் வாசிப்பில்தான் இடறுகிறார்கள். எம்10 × 1.5 என்ற மரையளவைப் பார்த்ததும் பெருக்கி 15 என்று எழுதிவிடுகிறார்கள். 10 என்பது மரையின் வெளிவிட்டம், 1.5 என்பது பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையிலான தூரம். டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போடுமுன் இட வேண்டிய துளைக்கு ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும், 8.5 மி.மீ. அதுபோல, 50 மி.மீ. தண்டை "30 மி.மீ. குறைக்க" என்றால் 20 நிற்கும், "30 மி.மீ. ஆகக் குறைக்க" என்றால் 30.

டர்னர் (கடைசல்) பிரிவில் தொல்லை வெட்டுவேகம், அதாவது சுழலும் தண்டின் மேற்பரப்பு நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் வெட்டுளியைக் கடக்கிறது என்பது. π × விட்டம் (மி.மீ.) × நிமிடச் சுற்று ÷ 1000 என்ற வாய்பாட்டில் அந்த 1000 மில்லிமீட்டரை மீட்டராக்கத்தான் இருக்கிறது. விட்டத்தை முன்பே மீட்டராக்கிவிட்டு மறுபடி 1000-ஆல் வகுப்பவருக்கு, 40 மி.மீ. தண்டு, நிமிடத்துக்கு 25 மீட்டர் என்ற கணக்கில் 199 சுற்று வர வேண்டிய இடத்தில் 1,99,000 வரும். எந்த லேத் (கடைசல் இயந்திரம்) அப்படிச் சுற்றும்?

ஒரே கணக்கை மூன்று முறை வாசிக்க வைக்கிறோம். முதல் முறை எண்களையும் கேள்வி வரியையும் காகிதத் துண்டால் மறைத்து, நடக்கும் வேலை என்ன என்று சொல்லச் சொல்கிறோம். எண் கண்ணில் பட்டால் கை உடனே கூட்டத் தொடங்கிவிடும், மறைப்பது அதற்காகவே. இரண்டாவதில் ஒருவர் வாசிக்க, தாளைப் பார்க்காத மற்றவர் படம் வரைந்து ஒவ்வோர் எண்ணையும் அலகோடு குறிப்பார். படம் பிசகினால் எந்த வரி புரியவில்லை என்பது தெரிந்துவிடும். மூன்றாவதில் கேள்வியைத் திறந்து, விடையின் அலகை மட்டும் முதலில் எழுத வேண்டும். ஒரு மணி நேரத்தில் நாலைந்து கணக்குக்கு மேல் ஓடாது, ஓட்டவும் கூடாது. வெல்டர் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்பதால் அங்கே இன்னும் நிதானம் வேண்டும்.

"மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி" என்ற சுவரட்டையை எடுத்துவிட்டோம். கம்பியில் 45 மி.மீ. துண்டுகள் 12 வெட்டினோம், ஒவ்வொரு வெட்டுக்கும் 2 மி.மீ. சேதாரம், 60 மி.மீ. மீதி, கம்பியின் நீளம் என்ன? 540, 24, 60 மூன்றையும் கூட்டி 624. "மீதி"யைக் கண்டு கழித்தவர்கள் 504-இல் நின்றார்கள்.

வரும் ஆண்டுக்கு உண்மையான பட்டறை வேலை வரைபடங்கள் தேவை. பட்டறை வைத்திருக்கும் உறுப்பினர்கள் வாடிக்கையாளர் பெயரை அடித்துவிட்டுப் பழைய தாள்களைத் தரலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்