கார்த்தஹேனா போகும் முன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. புது மருந்தில் மூட்டுவலி குறைந்து, தினமும் நடக்கிறாய் என்று படித்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மாடியில் ஓடு பதிக்கும் வேலைதான் மழையால் அப்படியே நிற்கிறது.

ஜனவரியில் கொலம்பியாவின் தலைநகர் பொகொட்டாவில் மகளைப் பார்த்துவிட்டு, தங்கச்சியோடு அதே நாட்டின் கடற்கரை ஊரான கார்த்தஹேனாவுக்கும் போகப் போகிறாயாமே! கப்பல் வேலையில் இருந்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போன துறைமுகம் அது.

முதலில் ஊசி விஷயம். கொலம்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அப்புறம் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஆனால் நமக்கு அறுபது தாண்டிவிட்டதே, அந்த வயதில் இந்த ஊசிக்குப் பக்கவிளைவு அபாயம் கொஞ்சம் கூடுதல். டாக்டரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ளாதே. கடைசி வாரம் வரை தள்ளிப்போடவும் செய்யாதே.

பொகொட்டா சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் கார்த்தஹேனாவில் இறங்கினால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஜனவரியில் மழை இருக்காது, கடற்காற்றும் நன்றாக வீசும். இருந்தாலும் மதியத்தில் வெளியே அலையாதே. காலையில் சுற்று, சாப்பிட்டுத் தூங்கு, வெயில் தாழ்ந்ததும் பழைய நகரைச் சுற்றியிருக்கும் மதில் மேல் நட. அதற்குக் காசு கிடையாது.

சான் ஃபெலிப்பே கோட்டைக்குக் கதவு திறந்ததுமே போய்விடு. மேலே நிழலே இல்லை. 1741-இல் ஆங்கிலேயர்கள் பெரிய கப்பற்படையோடு வந்து முற்றுகையிட்ட ஊர் இது. ஜெயித்துவிட்டதாக நினைத்து இங்கிலாந்தில் பதக்கம்கூட அடித்துவிட்டார்கள்! கடைசியில் தோற்றுத் திரும்பினார்கள். ஊரைக் காத்த ஸ்பானியத் தளபதி பிளாஸ் தெ லெஸோவுக்கு ஒரு கால் இல்லை, ஒரு கண் இல்லை, ஒரு கையும் விளங்காது. மூட்டுவலி என்று சொல்லி நீ அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிடாதே.

டாக்ஸி என்றால், ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசிவிடு. கடைக்காரர் ‘இருபது’ என்றால் இருபதாயிரம் பெசோ என்று அர்த்தம், பயந்துவிடாதே. கூடையில் பழம் வைத்துக்கொண்டு பளிச்சென்ற உடையில் நிற்கும் பலென்கேரா பெண்களைப் படம் எடுத்தால் காசு கேட்பார்கள். அது நியாயம்தான், அவர்களுக்கு அதுவும் பிழைப்பு. ஆனால் கடற்கரையில் ‘சும்மா பாருங்கள்’ என்று தோளைப் பிடித்துவிட ஆரம்பிப்பவர்களிடம் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடு. முடிந்ததும் பெரிய தொகை கேட்பார்கள்.

போகாகிராந்தே கடற்கரையில் மணல் கறுப்பு, தண்ணீரும் கலங்கல். தெளிந்த கடல் வேண்டுமென்றால் ரோசாரியோ தீவுகளுக்குப் போக வேண்டும். காலைப் படகில் போய், மதியத்துக்கு மேல் தாமதிக்காமல் திரும்பிவிடு. அந்த மாதத்துக் காற்றில் சாயங்காலம் அலை எகிறும். படகில் பின்பக்கம் உட்கார், முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். பாரூவில் உள்ள பிளாயா பிளாங்கா கடற்கரைக்கு மட்டும் என்றால் சாலை வழியே போய்விடலாம். உன் முட்டிக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

தங்கச்சி சைவம் ஆயிற்றே. தேங்காய்ப்பால் சோறும், தட்டிப் பொரித்த வாழைக்காயும் எங்கும் கிடைக்கும். ஆனால் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழியையோ மீனையோ கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ’ என்று மூன்றையும் சொல்லச் சொல்.

டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. விமானத் தேதியையும் எழுது, எந்தத் தெருவில் தங்கினால் ராத்திரி சத்தம் இல்லாமல் தூங்கலாம் என்று அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்