படங்குக்குக் கீழ உக்கிற கார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மட்டக்களப்பு ஆரையம்பதியில இருக்கிற, படிப்பிச்சு ஓய்வு பெற்ற டீச்சர் ஒருத்தி. மாரி துவங்க முதல் இதை எழுதிரணும் எண்டுதான் அவசரமா எழுதுறன். எழுவான்கரையில, வாவிக்கும் கடலுக்கும் நடுவில இருக்கிற எங்கட பக்கத்தில, எந்த ஒழுங்கையால போனாலும் மாமரத்துக்குக் கீழயோ கிணத்தடியிலயோ படங்கு போட்டு மூடின பழைய கார் ஒண்டு கிடக்கு, அப்பாடது இல்லாட்டி மாமாடது, பிள்ளைகள் கனடாவில லண்டனில, விக்க மனமும் இல்ல ஓட ஆளும் இல்ல. எங்கட வளவிலயும் அப்பிடி ஒண்டு கிடந்தது. விக்கிறதா இரும்புக்குக் குடுக்கிறதா எண்டு ரெண்டு வருசம் இழுத்தடிச்சிட்டம்.

அப்பாட மொரிஸ் மைனர், 1098 சிசி, 'ஸ்ரீ' எழுத்துப் போட்ட பழைய நம்பர். 1978 நவம்பர் 23 சூறாவளியில மரம் விழுந்து கூரை நசுங்கி, அதைத் தட்டி எடுத்து மறுகாவும் ஓடினாரு. 2004ல சுனாமிக் கடல் வந்த அண்டைக்கு அயலுக்குள்ள கிடைச்ச சனத்தையெல்லாம் அடைஞ்சு ஏத்திக்கொண்டு போனதும் இந்தக் கார்தான். அதாலதான் விக்கிற கதை வந்தாலே வீட்டில எல்லாரும் வாய் மூடிருவம். அப்பாக்குக் கண் தெரியாமப் போனது 2013ல, அப்ப மாமரத்துக்குக் கீழ விட்டது, நாலு வருசத்தில அவரும் போயிட்டாரு.

படங்கு போட்டா பத்திரம் எண்டு நினைச்சம். அதுதான் நாங்க செஞ்ச பெரிய பிழை. மழைத் தண்ணி மேலால வாறது பாதிதான், மண்ணுக்குள்ள இருந்து எழும்புற ஓதம் படங்குக்குள்ள முட்டி வியர்த்து அங்கயே நிக்கும், பகல்ல அவியும் ராவில குளிரும், அதோட கடல் காத்தில வாற உப்பும் சேர்ந்தா தகரம் என்னத்துக்கு ஆகும்? கதவுகளுக்கு அடியில தண்ணி வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கு, மாவிலை உக்கி அதையும் அடைச்சிட்டு. சும்மா வெயிலும் காத்தும் பட விட்டிருந்தாக் கூட இவ்வளவு நாசம் வந்திராது. கல்லு வச்சு உயர்த்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, மேல தகரக் கொட்டில் ஒண்டு போட்டிருக்கணும், நாலு பக்கமும் காத்தோட்டம் இருக்கணும்.

போன வருசம் கதவைத் திறந்தப்ப வந்த நெடியை இன்னும் மறக்கல்ல. ஊறின சாக்கும் எலி மூத்திரமும் சேர்ந்த மாதிரி. சீட்டில வெள்ளையாப் பூஞ்சணம், கூரைத் துணி கிழிஞ்சு தொங்குது. முன் தட்டில அப்பா பெட்ரோல் அடிச்ச கணக்கு எழுதுற கொப்பி, ஊறி ஊறிக் காஞ்சு ஒரு சவர்க்காரக் கட்டி மாதிரி, ஒரு தாளும் பிரியல்ல. றப்பர் மெத்தையைத் தூக்கினா கீழ இருந்த சணல் விரிப்பு அப்பவும் ஈரம், பிழிஞ்சாத் தண்ணி வந்திருக்கும். அதையும் இழுத்தா நிலத்தில கிடந்த மாவிலை தெரியுது. தகரம் எண்டு ஒண்டும் இல்ல.

கார் திருத்துற, தெரிஞ்ச பாஸ் ஒருத்தரைக் கூட்டிவந்தன். முதல் வேலையா எஞ்சினைத்தான் பாப்பாரு எண்டு நினைச்சன், அவர் பொனட்டைத் தொடவே இல்ல, ஸ்குரூ டிரைவரோட நிலத்தில படுத்தாரு. கதவுக்குக் கீழ நீளத்துக்கு ஓடுற பெட்டி மாதிரித் தகரத்தில குத்தினாரு, நனைஞ்ச பாணில குத்தின மாதிரி உள்ளுக்குப் போயிட்டு. பின்னால ஸ்பிரிங் பட்டை பூட்டுற இடத்திலயும் அப்பிடித்தான், கறள் கொத்தாக் கொட்டுது. "டீச்சர், மொரிசுக்கு லொறி மாதிரி அடியில தாங்கிற தனிச் செசிச் சட்டம் இல்ல, பொடிதான் செசி, இந்த இடங்கள் போனா கார் நடுவால மடியும்" எண்டாரு.

மறுகாதான் எஞ்சின். நாலு பிளக்கையும் கழட்டி டீசல் ஊத்தி ரெண்டு நாள் விட்டு, முன்னால கம்பி போட்டுச் சுத்தினா மெதுவாச் சுத்துது! எனக்கு அழுகையே வந்திட்டு. எஞ்சின் இறுகிக் கிடந்தாத்தான் கார் செத்தது எண்டு நாங்க நினைக்கிறம், உண்மை மற்றப் பக்கம். எஞ்சின், பிரேக், வயரிங் எல்லாம் காசிருந்தாத் திருத்தலாம். நிலத்துத் தகரம் மட்டும் உக்கியிருந்தாலும் வெட்டி ஒட்டலாம், அப்பிடியான காரைத் திருத்த ஆசையுள்ள ஆளுக்கு விக்கலாம். தாங்கிற இடங்களெல்லாம் ஒண்டா உக்கினா தகரம் வெட்டி ஒட்டுற டிங்கரிங் கூலி காரை விழுங்கிரும். உங்கட வளவில கிடக்கிறதை விக்க முதல் இந்த ஸ்குரூ டிரைவர் வேலையை ஒருக்காச் செய்விச்சுப் பாருங்க.

விக்கிறதுக்கு ஆள் வராம இல்ல. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025 துவக்கத்தில திறந்தும் வரி ஏறிக் கிடக்கிறதால எந்தப் பழைய காருக்கும் ஒரு விலை வந்திட்டு. ஒரு கராஜ்காரர் வந்து "பட்டி போட்டு பெயின்ட் அடிச்சு அடிக்கு ஒரு தகரம் ஒட்டித் தாறன், நல்ல விலைக்குப் போகும்" எண்டாரு. எனக்கு நித்திரை வரல்ல. வாங்கிறவர் நம்பி அதில பிள்ளைகளை ஏத்துவாரு, மண்முனைப் பாலத்தில போகேக்க பின் ஸ்பிரிங் கழண்டா யார் பொறுப்பு? அப்பா சனத்தைக் காப்பாத்தின காரால இன்னொரு குடும்பம் சாகக் கூடாது. வேணாம் எண்டு சொல்லிட்டன்.

இன்னொருத்தர் கேட்டது அதை விட மோசம். காரே வேணாமாம், புக்கும் (காரைப் பதிஞ்ச புத்தகம்) செசி நம்பர் அடிச்ச தகடும் மட்டும் காணுமாம், தாற காசு இரும்பு யாவாரி சொன்னதை விடப் பல மடங்கு. எங்கட தம்பிக்கு ஆசை வந்திட்டு, உண்மையைச் சொல்லணும். ஆனா அந்த நம்பரை வேற எந்த வாகனத்தில பூட்டுவாங்க, எதுக்கு ஓடுவாங்க? புக் அப்பாட பேரில, நாளைக்குப் பொலிஸ் தேடி வாற வீடு எங்கட வீடு. "ஓப்பன் பேப்பர்" எண்டு வாங்கிறவர்ட பேர் எழுதாமக் கையெழுத்தை மட்டும் வச்சுக் குடுக்கிறதும் இதே ஆபத்துத்தான், தயவு செஞ்சு ஒருத்தரும் செய்யாதீங்க. 2022ல பெட்ரோல் தட்டுப்பாட்டில, பதிஞ்ச வாகனத்துக்குக் கியூஆர் குடுத்து பெட்ரோலைப் பங்கு போட்ட காலத்தில ஓடாத காருக்கும் பங்கு கிடைச்சுது, அந்த நினைப்பில புக்கை இன்னும் பொத்தி வச்சிருக்கிற ஆக்களை எனக்குத் தெரியும்.

கடைசியா நாங்க பிள்ளைகள் நாலு பேரும் வட்ஸ்அப்பில கதைச்சு ஒத்துக்கொண்டம், கனடாவில இருக்கிற அக்காதான் கடைசி வரைக்கும் மாட்டன் எண்டவ, தகரத்தைப் படம் எடுத்து அனுப்பின பிறகு அவவும் சரி எண்டிட்டா. எஞ்சின், கியர்பொக்ஸ், கண்ணாடிகள், உக்காத ரெண்டு கதவு எல்லாம் கல்முனையில தன்ட மைனரைத் திருத்திற ஒரு தம்பிக்குக் குடுத்தம், எஞ்சின் நம்பரையும் எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து வச்சம், அவர் அதைத் தன்ட புக்கில மாத்திப் பதியணும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதிவை ரத்துச் செய்யிற வேலையையும் துவங்கிட்டம், அப்பாட மரணச் சான்றிதழும் நாலு பேரிட கடிதமும் சேர்த்து வச்சிருக்கன். அலைச்சல்தான், ஆனாலும் முடிப்பன்.

டெங்கையும் சொல்லணும். படங்கு மடிப்பிலயும் ஸ்பெயார் டயர் வைக்கிற இடத்திலயும் தண்ணி நிண்டு நுளம்புக் குடம்பி நெளிஞ்சதை நானே கண்டன், பக்கத்து வீட்டில கைப்பிள்ளை.

பொடி மட்டும் இன்னும் மாமரத்துக்குக் கீழ நிக்கிது. ரத்துக் கடிதம் கையில வந்த அடுத்த நாளே வெட்டுவிக்கிறன், இரும்பு யாவாரிக்கும் சொல்லி வச்சாச்சு. செசித் தகட்டை அவருக்குக் குடுக்க மாட்டன், நானே கழட்டி வைக்கிறன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
ஆரையம்பதி.