ராமன் கருவிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள்

பல்கலைக்கழகங்களில் மையக் கருவிக்கூடங்களை நடத்தும் பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

மாதிரியை வாங்கி வைத்துக்கொண்டு, சில நாள் கழித்து ராமன் நிறமாலையை, அதாவது மாதிரியில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியிலிருந்து அணுக்களின் அதிர்வுகளைக் காட்டும் வரைபடத்தை, மின்னஞ்சலில் அனுப்பும் வழக்கத்தை, ஒரு சில அணு கனமே உள்ள இரு பரிமாணக் குறைக்கடத்திகளுக்காவது மாற்றுங்கள். அளவெடுக்கும்போது அந்த மாணவர் கருவிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, டேப்பில் ஒட்டி உரித்தெடுத்த ஒற்றை அடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடை (அப்படி ஒரு குறைக்கடத்தி) சிலிக்கான் சில்லின் மேல் வைத்து ஒரு கருவிக்கூடத்துக்கு அனுப்பினேன். வந்த நிறமாலையில், அதிர்வெண்ணைக் குறிக்கும் அலையெண் (செ.மீ.⁻¹) அளவில் 385 பக்கம் ஒரு பீக் (முகடு), 404 பக்கம் இன்னொன்று. இடைவெளி 19 என்றால் ஒற்றை அடுக்குதான். கனமான படிகத்தில் அது 25 வரை போகும். அப்புறம் அதே துணுக்கின் மேல் எலக்ட்ரான் கொடுக்கும் மூலக்கூறு ஒன்றைப் பூசி மறுபடி அனுப்பினேன். இந்த முறை இரண்டு பீக்குமே இரண்டு அலையெண் இறங்கி வந்தன.

இங்கேதான் சிக்கல். எலக்ட்ரான் கூடினால் இரண்டும் ஒன்றாக இறங்கக் கூடாது. 385-ல் இருப்பது மாலிப்டினமும் கந்தகமும் தளத்துக்குள்ளேயே எதிரெதிராக அசையும் அதிர்வு. 404-ல் இருப்பது கந்தக அணுக்கள் மட்டும் மேலும் கீழுமாக அசைவது. படிகத்தின் சமச்சீர் காரணமாக, கடத்தல் பட்டையின் (எலக்ட்ரான்கள் தடையின்றி ஓடும் ஆற்றல் நிலைகளின்) அடியில் சேரும் எலக்ட்ரான்கள் இந்த இரண்டாவது அதிர்வைத்தான் பலமாகப் பிடித்துக்கொள்கின்றன. பெங்களூரில் இயற்பியலாளர் ஏ. கே. சூட் குழுவினர் 2012-ல் இதை அழகாகக் காட்டினார்கள். ஒற்றை அடுக்கில் டிரான்சிஸ்டர் செய்து, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 18 லட்சம் கோடி எலக்ட்ரான்கள் வரை ஏற்றினார்கள். 404-ல் இருந்த பீக் ஏறக்குறைய நான்கு அலையெண் இறங்கியது, அகலமும் ஆனது. மற்றது கிட்டத்தட்ட அசையவே இல்லை. எலக்ட்ரானுக்கும் ஃபோனானுக்கும் (படிக அதிர்வுக்கும்) உள்ள பிணைப்பை ஒரு பீக் நகர்வதில் நேராகப் பார்க்க முடிகிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, என் பீக்குகள் ஏன் சேர்ந்து இறங்கின? லேசரால் அடுக்கு சூடேறியிருந்தால் அப்படி ஆகும். கருவியின் அளவுத்திருத்தம் தவறியிருந்தாலும் ஆகும். இரண்டையும் பிரித்துச் சொல்ல வழி உண்டு. அடுக்கு அவ்வளவு மெல்லியது என்பதால் அடியில் உள்ள சிலிக்கானும் 520.5-ல் கூடவே தெரியும். அதுவும் நகர்ந்திருந்தால் கோளாறு கருவியில். அது அப்படியே நின்றிருந்தால் சூடு அடுக்கில். ஆனால் எனக்கு வந்த கோப்பு 350-ல் தொடங்கி 450-ல் முடிந்திருந்தது. லேசர் எத்தனை மில்லிவாட் என்று கேட்டதற்கு, "எப்பவும் வைக்கிற பவர்தான்" என்று பதில் வந்தது. திரும்பி வந்த சில்லை நுண்ணோக்கியில் வைத்தேன். துணுக்கின் நடுவே ஊசிமுனையால் குத்தியது போல ஒரு துளை. ஒரு மாத உழைப்பு போயிற்று. அந்தத் தரவை எங்கும் பயன்படுத்த முடியவில்லை.

கருவியை இயக்குபவரை நான் குறை சொல்லவில்லை. சிமெண்ட் தூள், மாத்திரைப் பொடி, பாலிமர் என்று எல்லாத் துறை மாதிரிகளும் அவர் ஒருவரிடமே வந்து குவிகின்றன. பொடிக்குப் போதுமான பவரையே 0.65 நானோமீட்டர் கனமுள்ள அடுக்குக்கும் வைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. மாணவர் பக்கத்தில் இருந்தால் சொல்லியிருப்பார். பவரைப் பாதியாக்கி மறுபடி எடுத்துப் பார்த்திருப்பார். பீக் மேலே திரும்பினால் சூடு என்று அங்கேயே தெரிந்திருக்கும்.

கட்டண முறையையும் கொஞ்சம் பாருங்கள். மாதிரிக்கு இவ்வளவு என்று வாங்கினால், டிரான்சிஸ்டரில் எலக்ட்ரான்களைக் கூட்டிக் குறைக்கும் கேட் மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி, குறைந்த பவரில் ஒவ்வொரு படியிலும் நிதானமாக அளக்கும் சோதனைக்கு இடமே இல்லை. அரை நாள் கருவி என்று ஒரு வரிசை சேர்த்தால் போதும்.

1928-ல் கல்கத்தாவில் ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் வெயிலையும் வண்ண வடிகட்டிகளையும் வைத்துக்கொண்டு, சிதறிய ஒளியைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். அதன் நினைவாகப் பிப்ரவரி 28-ஐ தேசிய அறிவியல் தினமாக ஒவ்வொரு ஆண்டும் நீங்களும் கொண்டாடுகிறீர்கள். வரும் ஆண்டு அந்த நாளில், உங்கள் கூடத்தின் விண்ணப்பப் படிவத்தில் லேசர் அலைநீளம், மாதிரியின் மேல் விழும் பவர், லென்ஸ், எடுத்த நேரம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் சேருங்கள். கோப்பை 520.5-க்கு முன்னால் வெட்டாமல் கொடுங்கள்.